நாலு மாதம் ஆகியும் 650 கிராமைத் தாண்டாத சிறுவிடைப் பெட்டைக்கோழி: தீவனமா, கூண்டா, வம்சமா?

கீரனூர் தோப்பு:

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர் பக்கம் எங்கள் ஊர். அரை ஏக்கர் தென்னந்தோப்பில் மூன்று வருடமாகச் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அம்மா வைத்திருந்த 4 பெட்டையிலும் ஒரு சேவலிலும் ஆரம்பித்தது, இப்போது 14 பெட்டை இருக்கிறது.

பிரச்சினைக்கு வருகிறேன். ஐப்பசியில் சின்ன இன்குபேட்டரில் 48 முட்டை வைத்தேன், 27தான் பொரிந்தது. கார்த்திகை மழையில் முதல் பத்து நாளுக்குள் 5 குஞ்சு போய்விட்டது. மிச்சம் 22. இன்றோடு 16 வாரம். நேற்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். பெட்டைகள் 550 முதல் 650 கிராம், சேவல்கள் பெரும்பாலும் 700, 750. ஆனால் ஒரே நாளில் ஒரே இன்குபேட்டரில் பொரிந்ததில் ஒரு பெட்டை 480 கிராம்தான் இருக்கிறது, ஒரு சேவல் 910 கிராம் இருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றே புரியவில்லை.

தீவனம்: காலையில் குருணையும் தவிடும் பிசைந்து வைக்கிறேன், மதியம் 2 கிலோ அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் பாசி மாதிரியான தீவனச் செடி), சாயங்காலம் கொஞ்சம் குருணை. பகல் முழுக்கத் தோப்பில் மேய்ச்சல். அடைப்பது 6 அடிக்கு 5 அடி தகரக் கூண்டில், பெரியது சின்னது எல்லாம் ஒன்றாக.

வாங்க வந்த வியாபாரி, "இது வம்சமே கெட்டுப்போச்சு, மொத்தத்தையும் தள்ளிட்டு வேற குஞ்சு இறக்குங்க" என்கிறார். தீவனக் கடைக்காரர் மூட்டைத் தீவனம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். மூட்டைத் தீவனம் போட்டால் நாட்டுக்கோழி ருசி போய்விடும் என்று அம்மா விடமாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் கூண்டுதான் காரணம் என்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னால் நான் எதைச் செய்வது? கையில் இருக்கும் காசுக்கு ஒன்றைத்தான் முதலில் சரிசெய்ய முடியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்:

எடைதான் வேண்டும் என்றால் சிறுவிடையைக் கட்டிக்கொண்டு ஏன் கஷ்டப்படவேண்டும்? ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா மாதிரி இனங்கள் புறக்கடை வளர்ப்புக்காகவே வந்தவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் ஆகும், கிராமப்பிரியா முட்டைக்கு. சிறுவிடை வருடத்துக்கு 60, 70 முட்டை இட்டாலே அதிகம், அதில் பாதி நாள் அடையில் உட்கார்ந்துவிடும். இரண்டு வருடமாக வனராஜா வளர்க்கிறேன், நீங்கள் சொல்லும் 16 வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் எடை வருகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அவை அடை உட்காராது, ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியில்தான் வாங்கவேண்டும்.

சிறுமலை அடிவாரம்:

தம்பி, அவசரப்பட்டு எதையும் விற்றுவிடாதீர்கள். நான் திண்டுக்கல் பக்கம், கல்யாணமாகி வந்ததிலிருந்து 19 வருடமாகச் சிறுவிடைதான் வளர்க்கிறேன். எங்கள் வீட்டில் 16 வாரத்தில் பெட்டை 800 கிராம், சேவல் ஒரு கிலோவை ஒட்டி வரும். உங்களுடையது ரொம்பக் குறைவுதான், ஆனால் அது சிறுவிடையின் குற்றம் இல்லை. செம்மண் தம்பி சொல்வது அவர் கணக்குக்குச் சரி. ஆனால் தானே அடை உட்கார்ந்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு போய்ச் சீய்த்து இரை காட்டி, வல்லூறு நிழல் தெரிந்தால் குரல் கொடுத்து இறக்கைக்குள் அடக்கும் தாய்க்கோழி வேண்டுமென்றால் சிறுவிடைதான். கிலோ விலையிலும் அந்த வித்தியாசம் கிடைக்கிறதே.

முதலில் தீவனம். குஞ்சுக்குக் குருணையும் தவிடும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், சதை பிடிக்காது. குருணையில் 100 கிராமுக்கு 8 கிராம் புரதம், தவிட்டில் 12. குஞ்சுக்கு முதல் இரண்டு மாதம் 20 வேண்டும். அசோலாவை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அசோலாவில் 20, 25 சதவீதம் புரதம் என்று சொல்வது உண்மைதான், ஆனால் அது காயவைத்த அசோலாவின் கணக்கு. பச்சையில் 93, 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவைப் பிழிந்து காயவைத்தால் கையில் 60, 70 கிராம்தான் நிற்கும், அதில் 15 கிராம் புரதம் இருந்தால் பெரிது. நூறு கிராம் கடலைப்புண்ணாக்கில் 40 கிராம் இருக்கிறது. அசோலா வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரிய கோழிக்குக் கீரை மாதிரி கொடுங்கள். குஞ்சின் குட்டி இரைப்பையைத் தண்ணீரால் நிரப்பாதீர்கள், அவ்வளவுதான்.

நான் செய்வது இது. முதல் நாலு வாரம் கடையில் குஞ்சுத் தீவனம் வாங்கித்தான் போடுகிறேன். ஒரு சிறுவிடைக் குஞ்சு நாலு வாரத்தில் அரைக்கிலோ அளவுதான் தின்னும், அந்தச் செலவுக்குப் பயப்படவேண்டாம். கூடவே கறையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, பழைய ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடமாகப் பார்த்து சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிட்டால் விடிகாலையில் வெள்ளை வெளேரென்று அப்பியிருக்கும். குஞ்சுகள் முன்னால் தட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தின்னும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்ப மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ருசி முதல் மாதத் தீவனத்தால் கெடாது. ருசி வருவது கோழியின் வயதிலும் ஓடி மேய்வதிலும்தான். மீன் தூள் சேர்த்த தீவனம் போட்டால் மட்டும் அறுக்க இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், கறியில் வாடை ஏறும்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சேவலுக்கு என்ன வயது? 14 பெட்டையில் எத்தனை அவனுடைய குஞ்சுகள்?

பல்லடம் கொட்டகை:

நண்பரே, நான் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை வைத்திருப்பவன், நாட்டுக்கோழி பற்றி அக்கா அளவுக்குத் தெரியாது. ஆனால் குஞ்சு எந்தக் குஞ்சாக இருந்தாலும் முதல் வாரம் ஒன்றுதான். எங்கள் தொழிலில் ஏழாம் நாள் எடையைப் பார்த்தே அந்த பேட்ச் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவோம். 5 குஞ்சு செத்தது, ஒன்று 480, ஒன்று 910 என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது குளிர். கார்த்திகை மழையில் புரூடர், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் இடம், எப்படி வைத்தீர்கள்? என்ன பல்பு?

குஞ்சு பொரித்து இரண்டு வாரத்துக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வரவேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே காட்டிக்கொடுக்கும். பல்புக்கு அடியில் குவியலாகக் கிடந்தால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்திருந்தால்தான் சரி. இதைப் பகலில் பார்த்துப் பிரயோசனமில்லை, விடிகாலை 3 மணிக்கு எழுந்துபோய்ப் பாருங்கள்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். குஞ்சு இறக்கிய மறுநாள் அதே நேரத்துக்குப் பத்துப் பதினைந்து குஞ்சைக் கையில் எடுத்துக் கழுத்துக்குக் கீழே இரைப்பையை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்போம். கஞ்சி மாதிரி மெத்தென்று இருந்தால் தீவனமும் தண்ணீரும் இரண்டும் போயிருக்கிறது. கல் மாதிரி இருந்தால் தண்ணீர் போகவில்லை. தளதளவென்று தண்ணீர் மட்டும் இருந்தால் தீவனம் எட்டவில்லை. வெறுமையாக இருந்தால் அது குளிரில் ஒடுங்கிக் கிடந்த குஞ்சு. அந்தக் குஞ்சு பிழைத்தாலும் மற்றவற்றோடு சேராது.

கூண்டு விஷயம். 6க்கு 5 என்றால் 30 சதுர அடி, அதில் 14 பெட்டை, சேவல், 22 குஞ்சு. கறிக்கோழிக்கே ஒன்றுக்கு ஒரு சதுர அடி விடுகிறோம், உங்களுடையதில் அதுவும் இல்லை. ராத்திரி அடைக்க மட்டும்தானே என்று நினைக்காதீர்கள், அந்த ஈரமும் நெடியும் 11, 12 மணி நேரம் அதன் மூக்கில்தான். கீழே என்ன போட்டிருக்கிறீர்கள்? கூளத்தை ஒரு பிடி அள்ளிக் கையில் அழுத்திப் பாருங்கள். விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் அதிகம், எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். உமியோ நார்க்கழிவோ 2, 3 அங்குலம் போதும். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஈரக் கூளம்தான் ரத்தக் கழிச்சலுக்கு முதல் காரணம், அதில் பிழைத்த குஞ்சும் குடல் கெட்டு வளராமல் நிற்கும்.

பெரிய கோழியையும் குஞ்சையும் சேர்த்து அடைக்கவே கூடாது. தீவனத் தட்டில் பெரியது கொத்தித் தள்ளும், பலமான குஞ்சு எப்படியோ தின்றுவிடும், சின்னது சின்னதாகவே நிற்கும்.

கீரனூர் தோப்பு:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

பல்பு 9 வாட் எல்இடி. கடையில் குண்டு பல்பு இல்லை என்று இதைக் கொடுத்தார்கள். ஒரு அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிட்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு அந்தப் பல்பைப் போட்டு அடியில் கையை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. அந்த மழை ராத்திரிகளில் அவை எல்லாம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்ததை நான் பார்த்தேன், தூங்குகின்றன என்று நினைத்துவிட்டேன். காலையில் அடியில் கிடந்ததுதான் செத்திருந்தது. எழுதும்போதே மனது கஷ்டமாக இருக்கிறது.

கூளம் மரத்தூள். அழுத்திப் பார்த்தேன், உருண்டை அப்படியே நின்றது. தகரத்தில் ஆணி ஓட்டை வழியாக மழை ஒழுகியிருக்கிறது. மதியம் 2 மணிக்குக் கூண்டுக்குள் கையை விட்டால் அடுப்பு மாதிரி இருக்கிறது, அந்த நேரத்தில் கோழி தோப்பில் இருப்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முட்டை வைக்கும் கூடை அதற்குள்தான் இருக்கிறது.

சேவலுக்கு நாலு வயது. 14 பெட்டையில் 10 அவனுடைய குஞ்சுகள். ஆடிக்கும் தீபாவளிக்கும் வியாபாரி வந்து கொழுத்ததாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார், மிச்சம் நிற்பதை முட்டைக்கு என்று வைத்துக்கொள்வோம்.

பொரிக்காத 21 முட்டையையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன்.

ஓய்வு மருத்துவர்:

31 வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எழுதிய எல்லாரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் உங்கள் பதிலின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. கொழுத்ததை வியாபாரி எடுத்துக்கொள்கிறார், மிச்சத்தை முட்டைக்கு வைத்துக்கொள்கிறோம் என்கிறீர்கள். அப்படியானால் மூன்று வருடமாக வேகமாக வளர்கிறவற்றை வெளியே அனுப்பிவிட்டு, மெதுவாக வளர்கிறவற்றைத்தான் தாயாக்கியிருக்கிறீர்கள். கிராமங்களில் நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விற்கும்போது நல்லதுதான் கண்ணில் படும்.

வம்சத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கனடாவில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு வம்சம், 1978ஆம் ஆண்டு வம்சம் இரண்டையும் மேற்கொண்டு எந்தத் தேர்வும் செய்யாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005ஆம் ஆண்டுக் கறிக்கோழியையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் போட்டு, ஒரே மாதிரி வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாள் எடை முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஊரில் பேசுகிறார்களே, அந்த 4 கிலோவுக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாக எதைத் தாயாக வைத்துக்கொள்வது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதுதான். நீங்கள் அதையே தலைகீழாகச் செய்துவிட்டீர்கள், அதோடு அப்பனையும் மகளையும் சேர்த்துவிட்டீர்கள். அப்பன் மகள் சேர்க்கையில் பிறக்கும் குஞ்சுக்கு உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) அளவு 25 சதவீதம், கூடப்பிறந்தவை சேர்ந்தாலும் அதே 25. இதனால் முதலில் அடிபடுவது பொரிப்பும் குஞ்சு பிழைப்பதும், அப்புறம்தான் எடை.

ஆனால் வியாபாரி சொன்ன மாதிரி எல்லாவற்றையும் தள்ளவேண்டியதில்லை. உங்களிடம் அந்த 910 கிராம் சேவல் நிற்கிறதே. அதே தாய்கள், அதே எல்இடி பல்பு, அதே ஈர மரத்தூள், அதே குருணை. அத்தனைக்கும் நடுவில் ஒன்று 910 வந்திருக்கிறது என்றால் வளரும் திறன் இந்த வம்சத்தில் இன்னும் இருக்கிறது, மற்றவற்றின் குறையில் ஒரு பங்கு முதல் மாதத்தில் வந்திருக்கலாம். ஆகையால் உங்கள் கேள்விக்கு என் பதில் வரிசையாக இது: முதலில் குஞ்சுச் சூடு, அதற்கு ஆகும் செலவு ஒரு பல்பு. இரண்டாவது முதல் நாலு வாரத் தீவனம். மூன்றாவது குஞ்சுக்குத் தனி இடம், கூளம். சேவல் மாற்றுவதைக் கடைசியில் வைக்கிறேன், முக்கியமில்லை என்பதால் அல்ல, அதற்குப் பலன் வர ஒரு தலைமுறை ஆகும் என்பதால். இன்றே தேட ஆரம்பியுங்கள், உங்கள் ஊர் வேண்டாம், பக்கத்து ஊரும் வேண்டாம், உங்கள் கோழி போயிருக்க வாய்ப்பில்லாத இடமாகப் பாருங்கள். அந்த 910 சேவலை விற்காதீர்கள், ஆனால் அதை இந்தப் பெட்டைகளோடு சேர்க்காதீர்கள், இவை அதற்கு அம்மாவும் சகோதரிகளும்.

தீவனம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கடைகளில் கேட்டால் முட்டைக்கோழித் தீவனத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஓடு பிடிப்பதற்காக மூன்றரை சதவீதம் வரை சுண்ணாம்புச்சத்து சேர்த்திருப்பார்கள், குஞ்சுக்கு ஒரு சதவீதம்தான் தேவை. தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். நாலு வாரத்துக்குப் பிறகு வீட்டில் அரைத்துக்கொள்ள நினைத்தால் நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கம்பு 10, சோயாப் புண்ணாக்கு 26, உப்பில்லாத மீன் தூள் 6, தவிடு 10, தாது உப்புக் கலவை 2, சிப்பித்தூள் 700 கிராம், சாப்பாட்டு உப்பு 300 கிராம். இதில் 20 சதவீதப் புரதம் வரும். வைட்டமின் கலவையைப் பாக்கெட்டில் போட்ட அளவுக்குச் சேருங்கள். சோளத்திலோ கடலைப்புண்ணாக்கிலோ பூஞ்சை வாசனை லேசாக வந்தாலும் கோழிக்குப் போடாதீர்கள், அந்த நஞ்சு ஈரலைப் பிடித்தால் எந்தத் தீவனமும் உடம்பில் ஒட்டாது.

மேய்கிற கோழியில் குடற்புழுவும் எடையைத் தின்னும். காலையில் விழுந்த எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், பார்த்து மருந்து சொல்வார்கள். 7ஆம் நாளும் 28ஆம் நாளும் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, 8 வாரத்தில் இறக்கையில் ஊசி, அதையும் அங்கேயே கேளுங்கள்.

அடுத்த முறை பொரிக்காத முட்டையைப் புதைக்காமல் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். நாற்றம் இருக்கும், மூக்கைக் கட்டிக்கொண்டு பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் வெறும் மஞ்சள் கருவாக இருந்தால் அது கூமுட்டை, சேவல் சரியாகச் சேரவில்லை. ரத்த வளையம் தெரிந்தால் முதல் சில நாளிலேயே கரு செத்திருக்கிறது, முட்டை வெயிலில் கிடந்ததாலோ நெருங்கிய சேர்க்கையாலோ இருக்கலாம். முழுக் குஞ்சாகி உள்ளேயே செத்திருந்தால் இன்குபேட்டரின் ஈரப்பதத்தையும் திருப்பிவிட்டதையும் சந்தேகப்படுங்கள். உங்கள் முட்டைக்கூடை தகரக் கூண்டுக்குள் வேகிறது, அதை இன்றைக்கே வெளியே எடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டையை அடை வைக்காதீர்கள்.

சிறுமலை அடிவாரம்:

டாக்டர் ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் மாமியார் படிக்காதவர், ஆனால் முதல் ஈட்டில் எது சீக்கிரம் இறக்கை முளைத்து ஓடுகிறதோ அதன் காலில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். வீட்டுக்கு யார் வந்து எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அந்த நூல் கட்டியதை விற்கக்கூடாது. நான் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன், நூலுக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம் போடுகிறேன். 10 பெட்டைக்கு ஒரு சேவல், ஒவ்வொரு வருடமும் தைக்குப் பிறகு நத்தம் பக்கம் என் தங்கை வீட்டோடு சேவலை மாற்றிக்கொள்வோம்.

தம்பி, நேரில் வந்தால் 12 முட்டை தருகிறேன். உமியில் பொதிந்து எடுத்துப்போங்கள். போனதும் வைத்துவிடாமல் மொட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு நாள் ஆற விடுங்கள், பஸ் குலுக்கலில் உள்ளே காற்றறை ஆடியிருக்கும். உங்கள் முட்டையையும் என் முட்டையையும் ஒரே இன்குபேட்டரில் வைத்து ஒரே கூண்டில் வளர்த்துப் பாருங்கள், வம்சமா வளர்ப்பா என்று உங்களுக்கே தெரிந்துபோகும்.

கீரனூர் தோப்பு:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு எடையோடு வரவேண்டும் என்று இருந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போய் 12 முட்டை வாங்கி வந்தேன். எங்கள் முட்டை 24. எங்களுடையதில் 13 பொரிந்தது, அக்காவுடையதில் 9. பொரிக்காததை உடைத்துப் பார்த்தேன். எங்கள் 11 முட்டையில் 5 கூமுட்டை, 4இல் ரத்த வளையம், 2 முழுக் குஞ்சு. அந்த வளையத்தைப் பார்த்ததும் ஐயா சொன்னது அப்படியே புரிந்தது, மஞ்சள் கரு மேல் நூல் மாதிரி சிவப்பாக வட்டம். அக்காவின் 3இல் 2 கூமுட்டை, ஒன்று முழுக் குஞ்சு, வளையம் ஒன்றுகூட இல்லை.

திருச்சியில் தேடி 60 வாட் குண்டு பல்பு இரண்டு வாங்கினேன். தகரத் தடுப்பை வட்டமாகக் கட்டி, உமி பரப்பி, குஞ்சு உயரத்தில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். சித்திரை என்பதால் பகலில் பல்பே தேவைப்படவில்லை, ராத்திரி மட்டும் ஒன்று. முதல் வாரம் தினமும் 3 மணிக்கு எழுந்து பார்த்தேன், ஒருநாள் கிழக்கு ஓரத்தில் ஒண்டியிருந்தன, மேற்குப் பக்கச் சாக்கு விலகிக் காற்று அடித்தது. இந்தத் தடவை ஒன்றுகூடச் சாகவில்லை.

முதல் நாலு வாரம் குஞ்சுத் தீவனம், அப்புறம் ஐயா சொன்ன கலவை. குஞ்சுக்குத் தனியாகக் கிழக்கு மேற்காக நீளம் வைத்து 8க்கு 5இல் கொட்டகை, மேலே தென்னங்கீற்று. கீற்று நம் தோப்பிலேயே இருந்தது, கூலி மட்டும்தான். பழைய தகரக் கூண்டின் மேலேயும் கீற்றைப் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டேன்.

இன்று 8 வாரம். எங்கள் குஞ்சு சராசரி 340 கிராம், குறைந்தது 290, கூடியது 390. அக்காவின் குஞ்சு சராசரி 410. போன தடவை 8 வாரத்தில் நான் எடை போடவில்லை, அதனால் ஒப்பிட முடியாது, ஆனால் இப்படி ஒரே மாதிரி நிற்கும் குஞ்சை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. அம்மாவே சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

ஐயா, 70 கிராம் வித்தியாசம் வம்சத்தால் என்று எடுத்துக்கொள்ளலாமா? அக்கா ஒரு சேவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம் கொண்டுவரப் போகிறேன்.

ஓய்வு மருத்துவர்:

மிகவும் சந்தோஷம் தம்பி. அக்காவின் 9இல் சேவல் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். சேவல் அதிகமாக இருந்தால் சராசரி தானாகவே கூடும். சேவலைச் சேவலோடும் பெட்டையைப் பெட்டையோடும் ஒப்பிடுங்கள். 9 குஞ்சை வைத்து முடிவாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ரத்த வளையம் எண்ணிக்கையும் எடையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

புதுச் சேவல் வரும் அன்றைக்கே பழைய சேவலைப் பெட்டைகளிடமிருந்து எடுத்துவிடுங்கள். புதியதை உடனே உள்ளே விடாமல் 21 நாள் தோப்பின் மறுகோடியில் தனியாக அடையுங்கள், அதற்கு இரை வைக்கும் தட்டும் செருப்பும் வேறாக இருக்கட்டும். சளி, கழிச்சல் எதுவானாலும் அதற்குள் தெரிந்துவிடும். சேவலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் விந்து பெட்டையின் உடம்பில் உயிரோடு இருந்து முட்டையைச் சினைப்படுத்தும், அதுவும் இந்த 21 நாளில் தீர்ந்துவிடும். அந்த நாட்களின் முட்டையை வீட்டுக்குச் சமைத்துக்கொள்ளுங்கள். 22ஆம் நாள் புதியதைச் சேர்த்து, ஒரு வாரம் கழித்து இடும் முட்டையிலிருந்து அடைக்கு எடுங்கள்.

சிறுமலை அடிவாரம்:

வியாழக்கிழமை வாருங்கள் தம்பி, புதன்கிழமை ராத்திரியே பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பகலில் அவனை யாராலும் பிடிக்க முடியாது. 8 வாரத்தில் 520 கிராம் இருந்தவன், காலில் பச்சை வளையம்.